ஐந்து மஞ்சள் கோடுகள்

அன்று முற்பகல் பத்தரை மணிக்கு என் வீட்டுக் கார் கொட்டகையில் இருந்தவர்கள் நால்வர். அம்சவேணி என்கிற நான். பெண்கள் பாலிடெக்னிக்கில் முப்பத்தோராண்டு இயந்திரவியல் கற்பித்துத் துறைத்தலைவராக ஓய்வு பெற்றவள். என் மகன் தயானந்தன். பெங்களூரிலிருந்து நான்கு நாள் விடுப்பில் வந்திருந்தான். அவன் மனைவி மேனகா. பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் மயில்சாமி; பதினாறு ஆண்டுகளாக என் வண்டியைத் தொட நான் அனுமதித்திருக்கும் ஒரே மனிதர். ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. பெயர்களை முதலிலேயே எழுதிவிடுவதற்குக் காரணம் உண்டு. நான் சொல்வதில் பிழை இருக்குமானால் மற்ற மூவரையும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். இப்படி ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் இதற்கு முன் எழுத நேர்ந்ததில்லை.

வண்டியின் வலப்புற முன்சக்கரம் கழற்றப்பட்டிருந்தது. ஜாக்கியும் ஸ்டாண்டும் தாங்கிய அந்தப் பக்கத்தில், சக்கரம் இருந்த வெற்றிடத்தின் வழியாக எட்டிப் பார்த்தால் என்ஜினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியளவு தகர டப்பா தெரியும். அதுதான் ஆயில் ஃபில்டர். பழைய எண்ணெயை முழுதும் வடித்தாயிற்று. டப்பாவைக் கழற்றிப் புதியதை மாட்டிப் புது எண்ணெய் ஊற்றினால் வேலை முடிந்தது. ஆனால் டப்பா கழலவில்லை. டப்பாவைப் பட்டையால் சுற்றிப் பிடிக்கும் பெல்ட் ரெஞ்ச் மூன்று முறை வழுக்கியது. மூன்றாம் முறை மயில்சாமியின் முழங்கை வண்டியின் அடிச்சட்டத்தில் இடித்து, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "இது கழலலீன்னா வண்டியோட சேத்து அடக்கம் பண்ணிரலாமுங்க" என்றார். மேனகா சிரித்தாள். "ஒரு டப்பாவுக்கு இவ்வளவு பாடா அத்தை? பெங்களூர்ல வண்டிய காலைல விட்டா சாயங்காலம் கழுவியே குடுத்துடறாங்க" என்றாள். தயா தன் கைபேசியைப் பார்த்தபடி, "அம்மா, ஒருத்தன் சுடுதண்ணி ஊத்தச் சொல்றான்" என்றான். "அவன் இட்டிலிக்குச் சொல்லியிருப்பான்" என்றேன். நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை, கோபத்தில் சொன்னேன். ஏனென்றால் எனக்கு அப்போது ஒன்று உறுதியாகத் தெரிந்திருந்தது. எண்ணெய் தடவிய ரப்பர் வளையம் என்ஜினைத் தொட்டபின் முக்கால் சுற்று, அதுவும் வெறுங்கையால் மட்டும் என்பதே விதி. அவ்விதியின்படி மார்ச் மாதம் இந்த டப்பாவை நானே மாட்டினேன். அப்படி மாட்டியது கழலவில்லை என்றால் வேறு ஒரு கை அதை இறுக்கியிருக்கிறது. ஜூலையில் பிரேக் வேலைக்காக இந்த வண்டியின் அடியில் படுத்த கை ஒன்றே ஒன்றுதான்.

அதைச் சொல்லியும்விட்டேன். மூவர் முன்னிலையில், நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. "மயில்சாமி, தொடச் சொல்லாததத் தொட்டிருக்கீங்க. ரெஞ்ச் போட்டு இறுக்கியிருக்கீங்க. தொட்டுட்டுச் சொல்லாம விட்டது அதைவிட மோசம். தொழில் தெரியாதவன மன்னிக்கலாம், தொழில்ல பொய் சொல்றவன எப்படி மன்னிக்கறது?" அவர் வண்டியின் அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தார். எண்ணெய்க் கையைத் தொடையில் துடைத்தார். "நானுங்க..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார். "சரிங் மேடம்" என்றார். அவ்வளவுதான். குற்றத்தை ஒப்புக்கொண்டவனின் குரல் அது என்று நான் எடுத்துக்கொண்டேன். "பெல்ட்டு ஆவாதுங்க. திருப்புளிய ஓங்கி அடிச்சு டப்பாக்குள்ள எறக்கித் திருகிட்டா சோலி முடிஞ்சுது" என்று அவர் சொன்னபோது, தவறு செய்தவன் தடயத்தை விரைவாக அகற்றப் பார்க்கிறான் என்றுகூட நினைத்தேன். "கப் ரெஞ்ச் இருக்கே?" என்றேன். "அளவு பத்தாதுங், வழுக்கும்" என்றார். தயா சாக்கின்மேல் மூன்று கருவிகளையும் வரிசையாக வைத்தான்: டப்பாவின் உடலைச் சங்கிலியால் சுற்றிக் கவ்வும் செயின் ரெஞ்ச், டப்பாவின் முனையில் மூடிபோல் பொருந்தும் கப் ரெஞ்ச், பிறகு சுத்தியலும் நீளத் திருப்புளியும். "எதும்மா? சீக்கிரம் சொல்லுங்க. நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பணும்னா இன்னிக்கு இது முடிஞ்சாகணும்." கருவியைத் தேர்வதற்கு முன் வேலைப்பொருளைப் பார்க்க வேண்டும். முப்பத்தோராண்டு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். முக்காலியில் அமர்ந்து, இடக்கையில் டார்ச்சும் வலக்கையில் நீண்ட காம்பு வைத்த சிறு கண்ணாடியுமாகச் சக்கர வெற்றிடத்தினுள் கையை நுழைத்தேன்.

மஞ்சள். முதலில் தெரிந்தது மஞ்சள். அது தெரிய வேண்டியதுதான். என் மஞ்சள் அது. எதை இறுக்கினாலும், இறுக்கியது நகர்ந்ததா என்று பிறகு அறிய, இறுக்கிய பொருளின் மேலும் அது உட்கார்ந்த இடத்தின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு போட வேண்டும்; என் பட்டறையில் கோடு போடாத மாணவிக்கு மதிப்பெண் கிடையாது. கோட்டின் பக்கத்தில் தேதியைத் தமிழ் எண்ணில் எழுதுவது என் சொந்தப் பழக்கம். இன்னொருவர் என் கோட்டைப் போலப் போட்டுவிடலாம், என் எண்ணைப் போல எழுத மாட்டார்கள் என்பதற்காக நாற்பது வருடங்களுக்கு முன் தொடங்கியது. ஆகவே மஞ்சள் கோடு ஒன்று இருக்கும், அது உடைந்திருக்கும், என்ஜின் பக்கத்துப் பாதியிலிருந்து டப்பாப் பக்கத்துப் பாதி விலகியிருக்கும், அந்த விலகலை மயில்சாமியிடம் காட்டி வாயை அடைத்துவிடலாம். கோடு விலகித்தான் இருந்தது. ஆனால் விலகிய கோட்டுக்கு அருகில் இன்னொரு கோடு. அதற்கு அருகில் இன்னொன்று. கண்ணாடி கையில் நடுங்கியதால் ஒன்றே பலவாகத் தெரிகிறதோ என்று முழங்கையை மட்கார்டில் ஊன்றிக்கொண்டேன். நடுக்கம் நின்றது. கோடுகள் நின்றபாடில்லை. டப்பாவின் விளிம்பில் விசிறி மடிப்புபோல் ஐந்து. எண்ணினேன். ஐந்து. டார்ச்சைச் சற்று உயர்த்தி மறுபடி எண்ணினேன். முதல் இரண்டுக்கும் நடுவே இரு விரல் இடைவெளி, அடுத்ததில் ஒரு விரல், அதற்கடுத்து அரை விரல், கடைசியில் ஒரு நெல்லின் அகலம். இறுக இறுகத் திரும்பும் கோணம் குறையும். பாடநூலில் வரைந்தது போல் இருக்கிறது. எந்த மாணவியும் இவ்வளவு தெளிவாக வரைந்ததில்லை. ஒவ்வொரு கோட்டருகிலும் சிறு கிறுக்கல். கண்ணாடியில் இடவலம் மாறியிருந்ததால் முதல் கணம் அவை எழுத்தாகவே தெரியவில்லை, ஏதோ பூச்சியின் கால்கள் போல. பிறகு மனம் அவற்றைத் திருப்பிப் போட்டது. ௪-௩. ௫-௩. ௧௯-௩. ௨-௮. ௨-௮.

மார்ச் நான்கு சரி, அது மாட்டிய நாள். மார்ச் ஐந்து? மறுநாள் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பார்ப்பதுதான் வழக்கம், இறுக்குவது அல்ல. பத்தொன்பது? ஆகஸ்ட் இரண்டு. ஆகஸ்ட் இரண்டு. ஒரே நாளில் இரண்டு முறை வண்டியின் அடியில் படுத்து, கைக்கு அடங்காத டப்பாவைக் கருவி போட்டு இறுக்கி, பெயிண்ட் பேனாவைத் திறந்து, கோடு இழுத்து, தேதி எழுதி, எழுந்து, கைகழுவி... கைகழுவியது யார்? இந்தக் கை. சோப்பின் வாசனை வருகிறது, ஆனால் அது இன்று காலைச் சோப்பு. நான் அன்று என்ன சமைத்தேன்? ஆகஸ்ட் இரண்டு. மின்சாரம் போன நாளா? இல்லை, அது ஜூலை, குழாயில் தண்ணீர் ஏறவில்லை, மேல்வீட்டுப் பெண் வாளியோடு வந்தாள். ஆடிப் பதினெட்டு அந்த வாரம்தான், எலுமிச்சை சாதம் கிளறினேன், மஞ்சள், மஞ்சளைக் கையில் பார்த்தேனா? அது மஞ்சள்தூளா பெயிண்டா? பார்த்ததாக நினைவு வருகிறது. வருகிறதா, அல்லது இப்போது தேவைப்படுவதால் உண்டாக்கிக்கொள்கிறேனா? இழுப்பறையில் கைவிட்டுத் துழாவுகிறேன், இழுப்பறை காலி என்றால்கூடப் பரவாயில்லை, இழுப்பறையே இல்லை, கை சுவரில் முட்டுகிறது. திருப்புவிசை என்பது விசையை அதன் புயத்தின் நீளத்தால் பெருக்கக் கிடைப்பது. நினைவிருக்கிறது. வார்ப்பிரும்பில் கரிமம் எத்தனை சதவீதம், நினைவிருக்கிறது. முதல் அணியில் இருபத்திரண்டு பெண்கள், வருகைப் பதிவேட்டின் வரிசையில் பெயர்களைச் சொல்ல முடியும், அகிலாண்டம், அமுதா, பத்மாவதி, எஸ்தர் ராணி... எல்லாம் இருக்கிறது, எண்ணெய் போட்ட பூட்டுபோல் திறக்கிறது. ஆகஸ்ட் இரண்டு மட்டும் இல்லை. ஆறு வாரம்கூட ஆகவில்லை.

"அம்மா, என்ன தெரியுது?" தயாவின் குரல். "பாத்துட்டிருக்கேன்" என்று சொல்கிறது என் குரல். குரல் சரியாக இருக்கிறது. அதுதான் அதிர்ச்சி, எல்லாம் சரியாக இருக்கிறது. கோடுகள் நேராக இருக்கின்றன. நடுங்கிய கை போட்டவை அல்ல. எண்களின் சுழிகள் பிசகாமல், நான் பெருமைப்படும் என் கையெழுத்து. நான் அல்லாத ஒருத்தி நான் தூங்கும்போது வந்து என் கைகளை எடுத்துக்கொண்டுபோய் ஒழுங்காக வேலை செய்துவிட்டுத் திருப்பி வைத்திருக்கிறாள். என் விதிகளை அறிந்தவள், கோடு போட மறக்காதவள், தேதி போட மறக்காதவள். மறந்தது ஒன்றே ஒன்று, ஏற்கெனவே செய்துவிட்டேன் என்பதை. முந்தைய கோடு கண்முன் இருந்திருக்குமே, அதைப் பார்த்துமா இன்னொன்று போட்டாள்? பார்த்து என்ன நினைத்தாள்? யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். இன்று நான் நினைத்ததையே. கடவுளே என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை. வேறென்ன சொல்வது? வேறு எங்கெல்லாம் இருமுறை இறுக்கியிருக்கிறேன்? கேஸ் ரெகுலேட்டர். பின்கதவுப் பூட்டு. காலையில் போடும் இரத்த அழுத்த மாத்திரை ஒன்றா, ஒன்று போட்ட நினைவு, அது இன்றைய நினைவா நேற்றையதா, மாத்திரைக்கு யார் மஞ்சள் கோடு போட்டார்கள்? சென்ற மாதம் தலைசுற்றல் வந்து சோபாவில் படுத்தேன். வெயில் என்று சொல்லிக்கொண்டேன். பெல்ட் ரெஞ்சின் பட்டை இழுபட்டுத் தளர்ந்திருந்ததைக் காலையில் பார்த்து, இப்போதெல்லாம் சரக்கே சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன். எவ்வளவு சொல்லிக்கொண்டிருக்கிறேன் எனக்கு நானே, ஆசிரியர் முன் காரணம் சொல்லும் மாணவிபோல்.

சுகந்தி. அந்தப் பெயர் இப்போது ஏன்? இரண்டாம் ஆண்டு, ஒற்றைச் சடை, குட்டை உருவம். கடைசல் இயந்திரமான லேத்தில், பொருளைக் கவ்வும் சக்கில், அதை இறுக்கும் சாவியை வைத்துவிட்டு எடுக்காமல் மோட்டாரைப் போட்டாள்; சாவி பறந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போயிற்று; போகிற வழியில் அவளுடைய மோதிர விரலின் நுனியை எடுத்துக்கொண்டு போயிற்று. மருத்துவமனையிலிருந்து கட்டோடு வந்து நின்றாள். "மறந்துட்டேன் மேடம்." நான் சொன்ன பதிலை அதன்பின் ஒவ்வோர் அணியிடமும் பெருமையாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன்: மறதி என்பது காரணம் அல்ல, குற்றத்துக்கு நீ வைக்கும் செல்லப் பெயர். அந்தப் பருவம் முழுதும் அவளைப் பட்டறைக்குள் விடவில்லை. அவள் அழவில்லை, கதவுக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாக மற்றவர்கள் கடைவதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள், கட்டுப்போட்ட கையால். நான் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்தேன். அது சரிதான், இப்போதும் சரி என்றே சொல்வேன். இயந்திரம் யாருடைய வருத்தத்தையும் கேட்பதில்லை. சரி என்றால் அந்தச் சட்டம் எனக்கும்தானே? சட்டம் எனக்கும்தான். நாளை அதிகாலை ஐந்து மணி. வால்பாறைச் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். நானேதான் போட்ட பந்தயம், நேற்று இரவுச் சாப்பாட்டில், தயா தன் பட்டியலைத் தொடங்கியபோது: வயசாச்சும்மா, தனியா இருக்கீங்க, வண்டிய வித்துட்டு எங்ககூட வந்துருங்க. "நாற்பது வளைவும் ஏறி இறங்கிக் காட்டறேன். ஒரு தப்பு கண்டா வித்துடறேன், உங்களோட வரேன். காணலேன்னா இந்தப் பேச்ச இனி எடுக்கக் கூடாது." ஒத்துக்கொண்டார்கள். நான் ஜெயிப்பேன் என்று எனக்குத் தெரியும். இப்போதும் தெரியும். என் கை வளைவுகளை அறியும், எந்த வளைவில் எந்தக் கியர் என்பது கைக்கே தெரியும். இந்தக் கோடுகளைப் போட்டதும் அதே கைதான். பின் இருக்கையில் மேனகா. பக்கத்தில் தயா. இருபத்தேழாம் வளைவில் அவள், அந்த இன்னொருத்தி, எனக்குப் பதில் வந்து உட்கார்ந்துகொண்டால்?

"திருப்புளியே அடிச்சிரலாமுங்க மேடம். நேரமாவுது." மயில்சாமி சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டார். டப்பாவின் உடலில் இரும்பு இறங்கும், தகரம் கிழியும், திருகத் திருக விளிம்பு நசுங்கிச் சுருளும், எண்ணெய் ஒழுகி மஞ்சளைக் கருப்பாக்கும். கழன்று வந்தபின் அது ஒரு கசங்கிய தகரம், பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போய்விடும், கேட்பார் இல்லை. நல்ல யோசனை. நாளை வால்பாறை. நாளை மறுநாள் அவர்கள் பெங்களூர் ரயிலில். நான் ரகசியமாக ஒரு மருத்துவரைப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளலாம். கதவு, கேஸ், மாத்திரை, டப்பா எல்லாவற்றுக்கும். நான் ஒழுங்கான மனுஷி, ஒழுங்கால் எதையும் நிர்வகிக்கலாம். நல்ல யோசனை யாருடையது? மயில்சாமியுடையது. ஏன் அவருக்கு இந்த யோசனை? திருப்புளி கடைசிக் கருவி என்று அவருக்குத் தெரியும். வேறு எதுவும் பிடிக்காதபோது செய்வது. தகரம் முழுக்கக் கிழிந்து அடித்தட்டு மட்டும் ஒட்டிக்கொண்டால் பிறகு உளிதான். பதினாறு வருடத்தில் அவர் என் வண்டியில் திருப்புளி இறக்கியதில்லை. கப் அளவு பத்தாது என்றார். இந்த டப்பாவின் அளவு எழுபத்தாறு மில்லிமீட்டர், அந்தக் கப் எழுபத்தாறு, போன வருடம் இதே கப்பால் இதே மாதிரி டப்பாவை இதே மனிதர் கழற்றினார், அது நினைவிருக்கிறது, பார், நினைவிருக்கிறது. அப்படியானால் பொய் சொன்னார். எதற்குப் பொய்? பெல்ட் வழுக்கியபோது கால்மணி நேரம் அடியில் படுத்திருந்தார், நெற்றியில் கட்டிய விளக்கோடு. மூக்குக்கு நேரே ஐந்து கோடுகள்.

அவர் பார்த்திருக்கிறார். இது இரண்டாவது அடி. "நானுங்க" என்று தொடங்கி என் முகத்தைப் பார்த்து நிறுத்திய அந்த அரைக் கணம். பொய்யன் என்றேன் அவரை. அவர் வாயைத் திறந்து "உள்ள போய்க் கோட்டப் பாருங்க" என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. "சரிங் மேடம்" என்றார். என் மகன் முன்னால், என் மருமகள் முன்னால், தன் பதினாறு வருட நேர்மையை எடுத்து என் அவமானத்தின்மேல் துணிபோல் போர்த்தினார். இப்போது சுத்தியலையும் எடுத்துக்கொண்டார். எனக்காக. என்னைப் பார்த்து இரக்கப்பட்டு. இரக்கம்! எழுபத்திரண்டு வயதுவரை யாரும் எனக்குச் செய்யத் துணியாத காரியம். கணவர் இறந்த வாரத்தில்கூட நான் தேர்வுத்தாள் திருத்தினேன், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என் மேசையைப் பார்த்துவிட்டு வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு காபி குடித்துப் போனார்கள். எத்தனை பேர் இப்படி எனக்குத் துணி போர்த்திக்கொண்டிருக்கிறார்கள்? மேல்வீட்டுப் பெண் தினமும் மாலையில் வந்து "கேட்டப் பூட்டிட்டீங்களாம்மா" என்று கேட்பது எதனால்? மருந்துக்கடைக்காரர் போன வாரம் "இத நேத்துத்தான வாங்கிட்டுப் போனீங்க" என்று சொல்ல வந்து, சிரித்து, மறுபடியும் ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தாரே, ஏன் சிரித்தார்? தெரு முழுதும் துணி. நான் ஒருத்திதான் என்னை நேரில் பார்த்ததில்லை, கண்ணாடியில்தான் பார்த்தேன், அதுவும் இடவலம் மாறி.

"அம்மா. எது?" தயா குனிந்து என் முகத்தைப் பார்க்கிறான். அவனுக்கு அவன் அப்பாவின் தாடை, என் நெற்றி. கேள்வி எளிமையானது. செயின் போட்டால் சங்கிலிப் பல் உடலைக் கிழித்து விளிம்புவரை ஏறும், பாதிக் கோடு போகும். திருப்புளி போட்டால் எல்லாம் போகும். கப் போட்டால் முனையை மட்டும் பிடிக்கும், உடலில் கீறல் விழாது, ஐந்தும் பிழைக்கும். தேர்வுத்தாளில் வரக்கூடிய வினா: இறுகிய எண்ணெய் வடிகட்டியைக் கழற்ற எந்தக் கருவியை முதலில் தேர்வாய், காரணம் கூறுக, ஐந்து மதிப்பெண். விடை: கப் ரெஞ்ச், விசை சீராகப் பரவும், பொருள் சிதையாது, அது வழுக்கினால் செயின், அதுவும் தோற்றால் மட்டுமே திருப்புளி. திருப்புளியை முதலில் எழுதியவளுக்கு நான் பூஜ்யம் போட்டிருக்கிறேன், சிவப்பு மையில், அடிக்கோடிட்டு. இவ்வளவுதானா? மயில்சாமியின் பெயர், என் வீடு, என் வண்டி, நாளையின் நாற்பது வளைவு, இவையெல்லாம் தராசில் ஏறிய பின்னும் முள்ளை நகர்த்துவது இதுதானா, ஐந்து மதிப்பெண் வினா ஒன்றின் விடை? நகர்த்துகிறதே. எனக்கு வீரம் வந்துவிடவில்லை. மனம் உருகியும் விடவில்லை. தவறான கருவியின் பெயரை என் வாயால் சொல்ல முடியவில்லை, நாக்கு திரும்பவில்லை, அவ்வளவே. ஐந்து கோட்டில் நான்கு மறந்து செய்தவை. தெரிந்து செய்வது ஆறாவது ஆகும்.

"கப்" என்றேன்.

மயில்சாமி நிமிர்ந்தார். "பத்தாதுங் மேடம், வழுக்கி..." "எழுபத்தாறு. பத்தும். நீளக் கைப்பிடி போடுங்க." எங்கள் கண்கள் சந்தித்தன. நான் பார்த்துவிட்டேன் என்பதை அவரும், அவர் பார்த்திருந்தார் என்பதை நானும், ஒரே சமயத்தில் அறிந்தோம். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். கப்பை எடுத்து, துணியால் உள்ளே துடைத்து, கைப்பிடியைப் பொருத்தி, வண்டிக்குள் கைநீட்டினார். ஒரு முறை மூச்சுப் பிடித்து இழுத்தார். காய்ந்த ரப்பர் கிறீச்சிட்டது. பிறகு முதுகெலும்பு சொடுக்குவதுபோல் ஓர் ஒலி. தளர்ந்தது. மேனகா கைதட்டினாள். "அப்பாடா, நாளைக்கு வால்பாறை!" மயில்சாமி டப்பாவைக் கையால் சுற்றிக் கழற்றி, கோடுகள் தன் உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, நேரே குப்பைத் தாளை நோக்கிப் போனார். "இங்க குடுங்க" என்றேன். நின்றார். "அழுக்குங் மேடம்." "குடுங்க மயில்சாமி."

கனமாக இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. துணியால் விளிம்பைத் துடைத்தேன். கண்ணாடி இல்லாமல் பார்த்தபோது எண்கள் இன்னும் அழகாக இருந்தன. "தயா, மேனகா, கேளுங்க. கொஞ்ச நேரம் முன்னாடி உங்க முன்னால இவரப் பொய் சொல்றவன்னு சொன்னேன். அத உங்க முன்னாலயே திருப்பி எடுத்துக்கறேன். இத இறுக்குனது இவரில்ல. நான்." "விடுங்க அத்தை, யாரு இறுக்குனா என்ன, அதான் கழண்டுருச்சே" என்றாள் மேனகா. நான் மயில்சாமியைக் கேட்டேன்: "எப்பப் பாத்தீங்க?" அவர் தரையைப் பார்த்தார். "சொல்லுங்க." "ஜூலையிலயே பாத்தனுங்க, பிரேக்குக்கு வந்தப்ப. அப்ப மூணுதானுங்க இருந்துச்சு." "ஏன் சொல்லல?" "நீங்க சொல்லிக் குடுக்கறவங்க. உங்களுக்கு நான் எப்படிங் சொல்றது?" முப்பத்தோராண்டு ஒருவரும் எனக்குச் சொல்ல முடியாதபடி நான் வாழ்ந்து காட்டியிருக்கிறேன். "மன்னிச்சுக்கங்க" என்றேன். அந்தச் சொல் வாய்க்குப் பழக்கமில்லாமல் கரடுமுரடாக வந்தது. அவர் பதற்றத்தோடு புது டப்பாவின் பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"என்னம்மா நடக்குது இங்க? எனக்கு ஒண்ணும் புரியல" என்றான் தயா. டப்பாவை அவனிடம் நீட்டினேன். தமிழ் எண் படிக்கத் தெரிந்தவன் அந்தக் கொட்டகையில் என்னைத் தவிர அவன்தான். ஐந்து வயதில் அடித்துக் கற்றுக்கொடுத்தேன். விளிம்பைத் திருப்பித் திருப்பி, விரல் வைத்துப் படித்தான். "நாலு மூணு. அஞ்சு மூணு. பத்தொம்போது மூணு. ரெண்டு எட்டு." நிறுத்தினான். விரல் நெல்லளவு நகர்ந்தது. "ரெண்டு எட்டு." மேலே பார்க்கவில்லை. "மொதக் கோடு போட்டது மட்டுந்தான் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றேன். "மத்த நாலும் நான் போட்டதுதான், ஆனா போட்டது தெரியல. நாளைக்கு வண்டிய நான் ஓட்டப் போறதில்ல. வளைவு ஏறாமலே தப்பு தெரிஞ்சுபோச்சு. நீ நேத்துச் சொன்னது சரி." மேனகா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள், காபி டம்ளர் சாய்ந்து உருண்டது, அதை யாரும் எடுக்கவில்லை.

நான் காத்திருந்தேன். இரண்டு நாட்களாக இந்தப் பேச்சுக்கென்றே தயாரித்துக்கொண்டு வந்தவன் அவன். எந்த மருத்துவர், எந்த அறை, எந்த ஜன்னல் எனக்கு என்பதுவரை பட்டியல் வைத்திருந்தவன். தனியாக இருப்பதன் ஆபத்துகளை எண்ணிட்டுச் சொன்னவன். அவன் வாதத்துக்குக் குறைவாக இருந்த ஒரே சான்றை நானே அவன் கையில் கொடுத்திருக்கிறேன். இனி அவன் பேசலாம். பேசட்டும், எதிர்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். தயா டப்பாவைக் கவிழாமல், உள்ளிருக்கும் எண்ணெய் ஒரு சொட்டும் தரையில் சிந்தாமல், வாய் மேலே இருக்கும்படி சாக்கின்மேல் நிறுத்தி வைத்தான். நிமிர்ந்தான். ஜெயித்தவனின் முகம் அல்ல அது. மேனகா "ஏங்க" என்றாள். அவன் அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எண்ணெய் பட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல் உடம்பிலிருந்து சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டு, கொட்டகையைக் கடந்து, கேட்டைத் தோளால் தள்ளித் திறந்து, செருப்பில்லாத காலோடு, பதினொரு மணி வெயிலில் வெளியே நடந்தான்.